இருபத்தைந்து, இருபத்தொன்று: ஒரு கொரிய நாடகமும் ஒரு திவால் கதையும்

எங்கள் வீட்டில் டிவி ரிமோட் என் கையை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது. இப்போது அது பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் வசம். அவள் பார்ப்பதெல்லாம் கொரியா நாடகம். தங்கமணியும் போன வருஷம் கட்சி மாறிவிட்டார். ராத்திரி பத்து மணிக்கு நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மறுநாள் பார்க்க வேண்டிய கடன் விண்ணப்பங்களைப் புரட்டிக்கொண்டிருப்பேன். ஹாலிலிருந்து புரியாத பாஷையில் அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வரும். தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்ப்பேன்.

நாங்கள் இருக்கிற கௌஹாத்தியில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. எங்கள் கிளையில் வேலை பார்க்கும் மணிப்பூர்க்காரப் பெண்மணி ஒருவர், "சார், உங்கள் பொண்ணு இப்போதுதான் ஆரம்பிக்கிறாள். நாங்கள் சின்ன வயசிலேயே இதில் விழுந்தவர்கள்" என்று சிரிப்பார். 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் மணிப்பூரில் ஒரு தீவிரவாத அமைப்பு இந்திப் படங்களுக்குத் தடை போட்டது. தியேட்டரிலும் கேபிளிலும் இந்தி நின்றுபோனது. அந்தக் காலி இடத்தில் அரிராங் என்ற கொரிய சேனலும், அதன் பின்னாலேயே கொரிய சிடிக்களும் வந்து உட்கார்ந்தன. ஆக, மற்ற இந்தியாவுக்கு கொரியா நாடகம் நெட்ஃபிளிக்ஸ் வழியாக வந்தது என்றால், இந்தப் பக்கத்துக்கு அது இருபது வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது.

நிற்க. விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஒரு ராத்திரி, ஹாலிலிருந்து வந்த அந்தப் புரியாத பாஷைக்கு நடுவே ஒரே ஒரு வார்த்தை எனக்குப் புரிந்தது. "ஐ எம் எப்பு." ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை. காதல் நாடகத்தில் பன்னாட்டு நிதியத்துக்கு என்னய்யா வேலை? பி.காம் படித்த எவனுக்கும் காது விடைக்கும். கோப்பை மூடி வைத்துவிட்டு ஹாலுக்குப் போனேன். மகள் நகர்ந்து இடம் கொடுத்தாள். அன்றைக்கே இரண்டு எபிசோடு, மறுநாள் இரண்டு. மொத்தம் 16ல் நாலு முடித்திருக்கிறேன். முழுசாகப் பார்க்காமல் விமர்சனம் எழுதக்கூடாது என்பார்கள். இது விமர்சனம் இல்லை, நாலு எபிசோடு பார்த்தவனின் முதல் அபிப்பிராயம், கூடவே கொஞ்சம் கணக்கு.

நாடகத்தின் பெயர் 'இருபத்தைந்து, இருபத்தொன்று'. 2022 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கொரியாவில் ஓடியது. கதை தொடங்குவது 1998ல். நா ஹீ-டோ என்ற பள்ளி மாணவி வாள் சண்டை வீராங்கனை. சின்ன வயசில் மேதை என்று பேர் வாங்கியவள், இப்போது கொஞ்சம் சறுக்கியிருக்கிறாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் அந்த அணியையே கலைத்துவிடுகிறார்கள். காசு இல்லை, காரணம் ஐ.எம்.எஃப். அவள் போய்ப் பயிற்சியாளரிடம் சண்டை போடுகிறாள். உன் கனவைப் பறித்தது நான் இல்லை, இந்தக் காலம் என்கிற அர்த்தத்தில் அவர் ஒரு பதில் சொல்கிறார். அந்தப் பெண்ணோ அசரவில்லை. தனக்குப் பிடித்த சாம்பியன் கோ யூ-ரிம் படிக்கிற பள்ளிக்கு எப்படியாவது மாறிப் போய்விட வேண்டும் என்று கிளம்பிவிடுகிறாள்.

இன்னொரு பக்கம் பேக் யீ-ஜின் என்ற 22 வயசுப் பையன். பணக்கார வீட்டில் பிறந்து, அப்பாவின் தொழில் திவாலானதால் ஒரே இரவில் நடுத்தெருவுக்கு வந்தவன். விடியற்காலையில் வீடு வீடாகப் பேப்பர் போடுகிறான், பிறகு வாடகைப் புத்தகக் கடையில் வேலை. அவன் எறிந்த பேப்பர் ஹீ-டோ வீட்டு முற்றத்துச் சிலையை உடைப்பதில் இருவருக்கும் அறிமுகம். இந்தக் கதை முழுவதையும் இன்றைக்கு ஹீ-டோவின் மகள் அம்மாவின் பழைய டைரியில் படித்துத் தெரிந்துகொள்வதாக அமைத்திருக்கிறார்கள். அந்த மகளும் பாலே நடனத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் பாட்டி வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பவள்.

ஹீ-டோ பிடிக்கும் வாள் சேபர் வகை. "அப்பா, நம்ம பவானி தேவி விளையாடுவதும் இதுதான்" என்றாள் மகள். சரிதான். 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து முதன்முதலாக வாள் சண்டைக்குப் போனவர் சென்னைப் பெண் பவானி தேவி. அவரைப் போட்டிகளுக்கு அனுப்ப அம்மா நகைகளை அடகு வைத்த கதையும் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. இந்த நகை விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

*

சரி, ஒரு பெண்ணின் வாளைப் பறிக்கிற அளவுக்கு அந்தக் காலம் என்னதான் செய்தது? பயிற்சியாளர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அதை விரித்துச் சொல்ல எனக்கு ஆசை. பேங்க்காரன் ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990களின் நடுவில் தென் கொரியாவைப் பார்த்து உலகமே கண் போட்டது. தலைக்கு ஆண்டு வருமானம் 10,000 டாலரைத் தாண்டியிருந்தது. 1996 டிசம்பரில் பணக்கார நாடுகளின் சங்கமான ஓ.இ.சி.டி.யில் சேர்ந்தாயிற்று. சரியாகப் பன்னிரண்டு மாதத்தில் அதே நாடு கடன் கேட்டுக் கையேந்தி நின்றது.

இடையில் நடந்தது இதுதான். கொரியாவின் பெரிய குழுமங்கள் சொந்தக் காசில் வளர்ந்தவை அல்ல, கடனில் வளர்ந்தவை. முதல் 30 குழுமங்களைச் சேர்த்துப் பார்த்தால் சொந்த முதல் ஒரு ரூபாய் என்றால் கடன் ஐந்து ரூபாய். நம்மிடம் இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டோடு யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுவோம். அங்கே கொடுத்தார்கள். பெரிய கம்பெனி முங்காது, முங்கினால் அரசாங்கம் தூக்கிவிடும் என்ற நம்பிக்கை.

கொடுத்தவர்கள் அந்தப் பணத்துக்கு எங்கே போனார்கள் என்பதுதான் இரண்டாவது பாகம். 1994லும் 1996லும் அங்கே இருந்த சின்னச் சின்ன நிதி நிறுவனங்கள் இருபத்து நாலை 'மெர்ச்சன்ட் பேங்க்' ஆக மாற்றி, வெளிநாட்டில் டாலர் கடன் வாங்கவும் அனுமதித்தார்கள். முன்பே இருந்த ஆறோடு சேர்த்து முப்பது. இவர்கள் வெளிநாட்டு வங்கிகளிடம் சில மாதத் தவணையில் டாலர் வாங்கினார்கள். உள்ளூரில் பல வருஷம் கழித்துப் பலன் தருகிற தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் மூணு மாசக் கைமாற்று வாங்கி வீடு கட்டினால் எப்படி இருக்கும்? கைமாற்று கொடுத்தவர் ஒவ்வொரு மூணு மாசமும் சரி சரி என்று நீட்டிக்கொண்டே போகிற வரை வீடு எழும்பும். ஒருநாள் அவர், "என் காசை எடுத்து வை" என்றால்? 1997ல் கொரியாவின் வெளிநாட்டுக் கடனில் பாதிக்கு மேல் இப்படிக் குறுகிய காலக் கடன்.

1997 ஜனவரியில் ஹான்போ என்ற இரும்பு ஆலைக் குழுமம் கிட்டத்தட்ட 600 கோடி டாலர் கடனோடு விழுந்தது. அரசாங்கம் தூக்கிவிடவில்லை. அந்த வருஷம் ஒன்றன் பின் ஒன்றாகப் பல குழுமங்கள் சரிந்தன. ஜூலையில் கியா கார் கம்பெனி தள்ளாடியது. அதே ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் நாணயத்தைக் கைவிட, ஆசியா என்றாலே வெளிநாட்டு வங்கிகளுக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது. கைமாற்று கொடுத்தவர் எல்லோரும் ஒரே சமயத்தில் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

கஜானாவில் இருந்தது என்ன? கணக்குப் புத்தகத்தில் அந்நியச் செலாவணி சுமார் 3,000 கோடி டாலர். ஆனால் அதில் பெரும்பகுதியைத் தங்கள் வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளிலேயே டெபாசிட்டாகப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கிளைகளோ அதை எடுத்துத் தங்கள் பழைய கடனை அடைத்துக்கொண்டிருந்தன. பாஸ்புக்கில் இருக்கும், எடுக்கப் போனால் இருக்காது. டிசம்பர் நடுவில் உண்மையிலேயே எடுத்துச் செலவு செய்யக்கூடியது 400 கோடி டாலருக்கும் கீழே போய்விட்டது.

1997 நவம்பர் 21 இரவு நிதியமைச்சர் டிவியில் தோன்றி, ஐ.எம்.எஃப். உதவியை நாடுவதாக அறிவித்தார். டிசம்பர் 3ல் ஒப்பந்தம். ஐ.எம்.எஃப். மட்டும் சுமார் 2,100 கோடி டாலர், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, பிற நாடுகள் என்று சேர்த்து மொத்தம் 5,800 கோடி டாலர் பக்கம். அதுவரை உலகத்தில் இவ்வளவு பெரிய மீட்புக் கடன் கிடையாது. ஜூனில் ஒரு டாலருக்கு 890 வொன் என்று இருந்தது, கிறிஸ்துமஸ் நெருங்கும்போது 1,960ஐத் தொட்டது. டாலரில் கடன் வாங்கிய கம்பெனிக்காரனுக்கு ஒரு பைசா கூடுதலாக வாங்காமலே கடன் இரண்டு மடங்கு.

கடனோடு நிபந்தனைகளும் வந்தன. வட்டியை ஏற்று, செலவைக் குறை, தேறாத வங்கியை மூடு, ஆட்குறைப்புக்குச் சட்டத்தில் வழி செய். வங்கிகளுக்குள் ஒரு ராத்திரிக்குக் கைமாற்றும் பணத்துக்கு டிசம்பர் கடைசியில் 30 சதவிகிதம் வரை வட்டி ஏறியது. வங்கிக்கே அந்த வட்டி என்றால், ஸ்க்ரூ தயாரிக்கிற சின்ன முதலாளிக்கு யார் கடன் கொடுப்பார்கள்? கொரிய வியாபாரம் அப்போது முன்தேதி போட்ட பிராமிசரி நோட்டில் ஓடியது. பெரிய கம்பெனியின் நோட்டு திரும்பினால், அதை நம்பி நோட்டு கொடுத்தவன் விழுவான், அவனை நம்பினவன் அடுத்து. 1998ல் மட்டும் இப்படி 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் விழுந்தன. 1997ல் 2.6 சதவிகிதமாக இருந்த வேலையின்மை அடுத்த வருஷம் 7 சதவிகிதம் ஆனது. நாட்டின் உற்பத்தி 5 சதவிகிதம் சுருங்கியது. வேலை போனதை வீட்டில் சொல்ல வாயில்லாமல், காலையில் கோட்டு டை கட்டிக்கொண்டு கிளம்பி, பக்கத்து மலைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் வீடு திரும்பிய அப்பாக்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். சோல் ரயில் நிலையத்தில் படுத்திருந்தவர்களும் நேற்றுவரை மாதச் சம்பளம் வாங்கியவர்கள்தான்.

வங்கி ஊழியர்களையும் விடவில்லை. 1998 ஜூன் 29 அன்று ஒரே நாளில் ஐந்து வங்கிகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. நாடு முழுக்க வங்கி வேலையில் இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் வேலை இழந்தார்கள். கொரியா ஃபர்ஸ்ட் பேங்க் என்ற பழைய வங்கியில், மூடப்படப் போகும் கிளைகளின் ஊழியர்கள் பேசுவதை அவர்களே ஒரு வீடியோவாக எடுத்தார்கள். நாடே அதைப் பார்த்து அழுததால் அதற்குக் 'கண்ணீர் வீடியோ' என்றே பேர். கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே பழக்கப்பட்ட எனக்கு, அதைப் பற்றிப் படித்த அன்று சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

இவ்வளவுக்கும் கடைசியில்தான் வருகிறது ஒரு பெண்கள் பள்ளியின் வாள் சண்டை அணி. கம்பெனி தடுமாறும்போது முதலில் வெட்டுப்படுவது அது நடத்திய விளையாட்டு அணி. அப்படிப் பல அணிகள் உண்மையிலேயே கலைந்தன. நியூயார்க்கில் ஒரு வங்கி மேலாளர், "இந்தத் தடவை தவணையை நீட்டிக்க வேண்டாம்" என்று ஒரு கோப்பில் எழுதுகிறார். அது இறங்கி இறங்கி வந்து சோலில் ஒரு பெண்ணின் பீரோவில் வாளைப் போட்டுப் பூட்டுகிறது. அந்த மேலாளருக்கு இந்தப் பெண்ணைத் தெரியாது. என் கையெழுத்துகளும் இப்படித்தான் எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கும்.

*

இப்போது நகை விஷயம்.

1998 ஜனவரி முதல் வாரத்தில் கொரியாவில் தங்கம் திரட்டும் இயக்கம் தொடங்கியது. வீட்டில் இருக்கும் தங்கத்தைக் கொண்டு வாருங்கள், அதை வெளிநாட்டில் விற்று டாலராக்கிக் கடனை அடைப்போம் என்று டிவியில் வேண்டுகோள். ஜனங்கள் குளிரில் வரிசையில் நின்றார்கள். கல்யாண மோதிரம், குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குப் போட்ட குட்டி மோதிரம், விளையாட்டு வீரர்களின் பதக்கம் எல்லாம் வந்தன. சுமார் 35 லட்சம் பேர், சில மாதங்களில் 227 டன். மதிப்பு 200 கோடி டாலருக்கு மேல். இனாமாகக் கொடுத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ரசீது போட்டு, தங்கத்தை விற்ற பிறகு வொன்னில் பணம் கொடுத்தார்கள். ஆனாலும் குழந்தை மோதிரத்தைக் கழற்றிக் கொடுப்பது சும்மாவா?

மொத்தக் கடனோடு ஒப்பிட்டால் 200 கோடி டாலர் பெரிய தொகை இல்லை. உண்மையில் மூச்சுவிட நேரம் வாங்கித் தந்தது 1998 ஜனவரி கடைசியில் நியூயார்க்கில் நடந்த பேச்சுவார்த்தை. சுமார் 2,400 கோடி டாலர் குறுகிய காலக் கடனை, அரசு உத்தரவாதத்தோடு ஒன்றிலிருந்து மூன்று வருஷக் கடனாக மாற்றிக்கொள்ள வெளிநாட்டு வங்கிகள் சம்மதித்தன. எங்கள் பாஷையில் சொன்னால் ரீஷெட்யூலிங். 2001 ஆகஸ்ட் 23 அன்று ஐ.எம்.எஃப். கடனின் கடைசித் தவணையைக் கட்டி முடித்தார்கள், கெடுவுக்கு மூன்று வருஷம் முன்பாகவே. ஆனால் கொரிய அம்மாக்கள் பேத்திகளுக்கு ரீஷெட்யூலிங் கதை சொல்வதில்லை, மோதிரக் கதைதான் சொல்கிறார்கள்.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1991ல் நாமும் இதே வாசலில் நின்றவர்கள். மே மாதம் 20 டன் தங்கம் ஸ்விட்சர்லாந்து வங்கிக்கு விற்கப்பட்டது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் 47 டன் தங்கம் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் ஈடாகப் போனது. அது பெட்டகத்தில் இருந்த தங்கம். யாரும் யார் வீட்டுப் பீரோவையும் திறக்கச் சொல்லவில்லை. கொரியாவில் பீரோவைத் திறந்தார்கள். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் 'ஐ.எம்.எஃப்.' என்பது அமைப்பின் பெயராக இல்லாமல் ஒரு காலத்தின் பெயராகவே நின்றுவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம் ஊரில் பஞ்சத்துக்குப் பேர் வைத்து, அந்த வருஷத்தில் பிறந்தவன் என்று வயசு சொல்வார்களே, அது மாதிரி.

*

இனிமேல் கொஞ்சம் கொசுவத்தி சுத்துகிறேன்.

நாடகத்தில் ஒரு காட்சி. அப்பாவுக்குக் கடன் கொடுத்து ஏமாந்தவர்கள், சாதாரண ஆட்கள், மகன் இருக்கும் இடத்தைத் தேடி வந்துவிடுகிறார்கள். அந்தப் பையன் அவர்கள் முன்னால் குனிந்து, தன்னால் பணம் தர முடியாது, ஆனால் இனி ஒரு நொடிகூடச் சந்தோஷமாக இருக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான். வந்தவர்களுக்கும் அதைக் கேட்டு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இதைப் பார்த்துவிட்ட ஹீ-டோ பிறகு அவனிடம், நாம் இரண்டு பேரும் சேர்ந்திருக்கும்போது மட்டும் யாருக்கும் தெரியாமல் சந்தோஷமாக இருந்துகொள்வோம் என்று ஒரு யோசனை சொல்கிறாள். காதல் கதையின் பிள்ளையார் சுழி அங்கேதான்.

மகள் அந்த இடத்தில் உருகிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்தவர்கள் முகம்தான் கண்ணில் நின்றது. அந்த முகத்தில் ஒன்று என் அப்பாவுடையது.

என் சொந்த ஊர் கோவில்பட்டி. அங்கே பையன்களுக்கு நடை வந்ததும் கையில் ஹாக்கி மட்டையைக் கொடுத்துவிடுவார்கள். நானும் விளையாடினேன், ரைட் ஹாஃப். பிளஸ் டூ முடிக்கும்போது மாவட்ட அணியில் இடம் கிடைத்திருந்தது. விளையாட்டுக் கோட்டாவில் மெட்ராஸ் கல்லூரி ஒன்றில் சேர்த்துவிடுவதாக எங்கள் பயிற்சியாளர் சொல்லி வைத்திருந்தார். அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் கணக்கு முடித்துக் கொடுத்த ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டிருந்தார். 24 சதவிகித வட்டி. பேர் வேண்டாம். அந்த நாட்களில் தமிழ்நாட்டில் ஊருக்கு நாலு இருந்தது. ஃபைனான்ஸ் கம்பெனிகள் ரிசர்வ் வங்கியில் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 1997ல் சட்டத்தைத் திருத்தினார்கள். டெபாசிட்தாரர்களைக் காப்பாற்ற அதே வருஷம் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் வந்தது. எல்லாம் சரி, எங்கள் பணம் உள்ளே போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

1998 ஜூனில் ஒரு திங்கட்கிழமை ஷட்டர் திறக்கவில்லை. முதலாளி ஊரில் இல்லை. அப்பாவும் இன்னும் பத்து இருபது பேரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்தது அவருடைய மகன், காலேஜ் படிக்கிற பையன். "அப்பா எங்கேன்னு எங்களுக்கும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டானாம். அப்பா வீட்டுக்கு வந்து, "அந்தப் பய மூஞ்சியப் பாத்து ஒண்ணும் கேக்க முடியலல" என்றார். பணத்தைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

மெட்ராஸ் போகவில்லை. உள்ளூரில் பி.காம் சேர்ந்தேன், சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதினேன். மைதானத்துக்குப் போகிற நேரமும் கணக்கு எழுதுகிற நேரமும் ஒன்றாக இருந்தது. மட்டையைச் சித்தப்பா பையன் எடுத்துக்கொண்டான். அப்புறம் பேங்க் பரிட்சை, வேலை, ஊர் ஊராக மாற்றல், இப்போது பிரம்மபுத்திரா கரை. குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஹீ-டோவுக்கும் எனக்கும் 1998ல் ஒரே வயசு என்பது நாலாவது எபிசோடு முடிந்து படுத்த பிறகுதான் உறைத்தது.

*

நாடகத்தைப் பற்றி இரண்டு குறையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வறுமை இவ்வளவு அழகாக இருக்காது. பேப்பர் போடுகிற பையன் விளம்பர மாடல் மாதிரி இருக்கிறான். அவன் வாடகை அறைக்குக்கூட நல்ல வெளிச்சம். வேலை போன அப்பாக்களின் முகத்தை நாடகம் அதிகம் காட்டவில்லை. இரண்டு, அவனுக்கு 22, அவளுக்கு 18, பள்ளிச் சீருடை வேறு. பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் நெளிச்சல்தான். இதுவரை வெறும் சிநேகமாகத்தான் போகிறது. காதல் என்று பேர் வைப்பது அவர்களுக்கு 25ம் 21ம் ஆகும்போது என்று தலைப்பே சொல்கிறது என மகள் எனக்குச் சமாதானம் சொல்கிறாள். ஹீ-டோவாக நடிக்கும் கிம் தே-ரி அப்போதே முப்பதைத் தாண்டியவராம். நம்பவே முடியவில்லை, அந்த ஓட்டமும் வாயும் அசல் பள்ளிக்கூடப் பெண்.

பெரிய ப்ளஸ் என்னவென்றால், ஒரு நாட்டின் கடன் கணக்கைக் காதல் கதைக்குள் வைத்து, 2022ல் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்கள். கொரியாவில் 1998 ஜூலை மாதத்தைக் கேட்டால் பாக் சே-ரி என்ற இருபது வயசுப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கிப் பந்தை அடித்து அமெரிக்க கோல்ஃப் பட்டத்தை ஜெயித்ததைச் சொல்வார்கள். இரண்டே வருஷத்தில் சிட்னி ஒலிம்பிக்கில் வாள் சண்டையில் அவர்களுக்கு முதல் தங்கமும் வந்தது. அந்த 1998லேயே செப்டம்பரில், நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தன் சான்ட்ரோவை வெளியே விட்டது. தாய்நாட்டில் வீடு பற்றி எரிந்துகொண்டிருந்தபோதுதான் இங்கே அந்தத் தொழிற்சாலை ஓட ஆரம்பித்திருக்கிறது. எத்தனை பேர் அந்தக் காரில் ஊருக்குப் போயிருப்போம், இதை யோசித்திருப்போமா?

நாலாவது எபிசோடு முடிந்ததும் மகளிடம் என் ஹாக்கிக் கதையை முதல்முறையாகச் சொன்னேன். தங்கமணிக்கு மட்டும் கொஞ்சம் தெரியும். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப உங்க கிட்டேருந்தும் காலம்தான் எடுத்துக்கிச்சு, இல்லப்பா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "என் கிட்டேருந்து?" என்றாள். சண்டை போடுகிற குரல் இல்லை. சும்மா கேட்ட மாதிரிதான் கேட்டாள்.

அவள் ஆறு வருஷமாக டேபிள் டென்னிஸ் ஆடினாள். மாநிலப் போட்டி வரை போனாள். பத்தாம் வகுப்பு, போர்டு பரிட்சை என்று ஜூன் மாதம் கோச்சிங்கை நிறுத்தியது நான். மட்டை பீரோ மேலே உறை போட்டு இருக்கிறது. எந்த நாடும் திவாலாகவில்லை, எந்த ஷட்டரும் மூடவில்லை. என் சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடுகிறது. அந்தப் பயிற்சியாளர் சொன்ன பதிலை நான் சொல்ல முடியாது. "பாப்பா, தூங்கு, நேரமாச்சு" என்று மட்டும் சொன்னேன்.

மீதி 12 எபிசோடு பாக்கி இருக்கிறது. நாளைக்கு இரண்டாம் சனிக்கிழமை, பேங்க் லீவு. காலையில் கோச்சைப் போய்ப் பார்த்து, பரிட்சை வரை வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம் என்று ஏதாவது ஏற்பாடு உண்டா என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். தவணையை மாற்றி அமைப்பது எங்களுக்கு ஒன்றும் புதிய வேலை இல்லையே.

தங்கமணியிடம் இன்னும் சொல்லவில்லை :-)